மலைமேல ஒரு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்!

"எந்த ஊருப்பா?"

"மல்லாங்கிணறு."

"அது எங்கிட்டு இருக்கு?"

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தாண்டி வர்ற கேள்வி இது. அருப்புக்கோட்டை பக்கம், காரியாபட்டி பக்கம், திருச்சுழி பக்கம்னு பக்கம் பக்கமா விளக்கம் சொல்லி முடிச்சா, அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "அங்க என்னப்பா விசேஷம்?"

கொடைக்கானல்காரனுக்கு ஏரி இருக்கு. குற்றாலத்துக்காரனுக்கு அருவி இருக்கு. தூத்துக்குடிக்காரனுக்குக் கடலே இருக்கு. நமக்கு? சீமைக்கருவேலம் மண்டிய காடு, கார்த்திகை வரைக்கும் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற கண்மாய், மழை வந்தா மட்டும் ஓடுற குண்டாறு. கொஞ்சம் படிக்கிற பையனா இருந்தா, "கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் எங்க ஊருதான்" என்பான். பக்தியான பையனா இருந்தா, "ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி எங்களுக்குப் பக்கம்" என்பான். மத்தவங்க சிரிச்சு மழுப்பிட்டு மெஸ்ஸுக்குப் போயிடுவாங்க.

ஆனா, இதுக்கெல்லாம் ஒரு கெத்தான பதில் இருக்கு பாஸ்! அது நம்ம ஊர்ல இல்ல. மதுரைக்கு மேற்கே ஒரு மலையில, பாறையில வெட்டி வெச்சிருக்கு. அந்த மலையில ஒரு சுனையும் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு நல்ல ஷூ, ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி, கொஞ்சம் புளியோதரை... இவ்வளவுதான் செலவு. கிளம்பலாமா?

ஏரி வேணுமா, சுனை போதுமா?

'மலை ஏரிக்கு ட்ரெக்கிங்' என்றதும் நம்ம கண் முன்னால வர்றது கொடைக்கானல்தான். படகு, சைக்கிள், சோளக்கதிர். ஆனா ஒரு விஷயம்... கொடைக்கானல் ஏரி தானா உண்டானது இல்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச், சதுப்பு நிலத்தின் குறுக்கே கரை போட்டுத் தேக்கியது. மனுஷன் கட்டின ஏரி அது!

நாம பார்க்கப் போறது அந்த அளவு பெரிசு இல்லை. படகு விட முடியாது. ஆனா அது மனுஷன் கட்டினது இல்லை. மழையும் பாறையும் சேர்ந்து செஞ்சது. வறண்ட சீமையில் மலை ஏரி என்றால் அது சுனைதான். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இப்படிச் சுனைகள் நிறைய இருக்கு. அதில் ஒண்ணு, கீழக்குயில்குடி சமணர் மலையில் இருக்கிற பேச்சிப்பள்ளம்.

ரூட் மேப்

மல்லாங்கிணறில் பஸ் ஏறினா காரியாபட்டி. அங்கே மதுரை பஸ்ஸைப் பிடிச்சா, ஆவியூர் வழியா மதுரை. (ஆவியூர்... இந்தப் பேரை மனசுல வெச்சுக்கோங்க. திரும்பி வரும்போது வேலை இருக்கு!) மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இருந்து தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை. காமராஜர் பல்கலைக்கழகத்துக்குப் போற அதே ரோடு. அங்கே இறங்கித் தெற்கே நடந்தா கீழக்குயில்குடி. டவுன் பஸ்ஸும் உண்டு. டைம் ஒத்துவரலைன்னா ஷேர் ஆட்டோ.

காலையில் ஏழு மணிக்கு மலை அடிவாரத்தில் நிக்கிற மாதிரி பிளான் பண்ணுங்க. பாறை சூடேறினா பிறகு ஏறுறது கஷ்டம். சித்திரை, வைகாசியைத் தவிர்த்துடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு மார்கழி, தை வரும் பாருங்க... அதுதான் சரியான சீசன். சுனையிலும் தண்ணி இருக்கும், அடிவாரத்துக் குளத்திலும் தாமரை இருக்கும்.

அடிவாரமே ஒரு சினிமா லொக்கேஷன்தான். விழுது விட்ட பெரிய ஆலமரம், குதிரைகளோடு அய்யனார் கோயில், அதை ஒட்டித் தாமரைக்குளம். குளத்தில் மலையோட நிழல் தலைகீழா விழுந்து கிடக்கும். கேமராவை எடுத்துடாதீங்க... மேலே இன்னும் இருக்கு!

பேச்சிப்பள்ளம்: பாறைக்குள்ள ஃப்ரிட்ஜ்

கோயிலுக்குப் பக்கத்திலேயே படி ஆரம்பிக்குது. முதல் கட்டம் ஈஸி. தொல்லியல் துறை படி வெட்டிக் கைப்பிடிக் கம்பியும் போட்டிருக்கு. மூச்சு வாங்குது என்று நினைக்கும்போதே பேச்சிப்பள்ளம் வந்துவிடும்.

சின்னச் சுனைதான். ஆனா வெயிலில் ஏறி வந்த கண்ணுக்கு அந்தத் தண்ணி இருக்கே... சும்மா சொல்லக் கூடாது! கீழே கண்மாயெல்லாம் காய்ந்து வெடிச்சுக் கிடக்கும்போது, இவ்வளவு உயரத்தில் பாறைக்குள் எப்படித் தண்ணி நிக்குது? மந்திரம் எதுவும் இல்லை. மழை பெய்யும்போது பாறையில் விழுகிற தண்ணி மொத்தமும் வழிஞ்சு ஓடிடுறது இல்லை. பாறையில் இருக்கிற வெடிப்புகளுக்குள் ஒரு பங்கு இறங்கும். அந்த வெடிப்புகள் பள்ளமான இடத்தில் வந்து முடியும்போது, அங்கே சொட்டுச் சொட்டாகக் கசியும். அடிப் பாறை கெட்டி. அதனால் கீழே இறங்காது. பள்ளம் ஆழம் அதிகம், அகலம் கம்மி. பக்கத்துப் பாறையோட நிழலும் விழும். அதனால் வெயில் குடிக்கிறது குறைவு. நம்ம கண்மாய்க்கு நேர் எதிர்க் கணக்கு! கண்மாய் ஏக்கர் கணக்கில் பரந்து, ஆழம் இல்லாமக் கிடக்கும். சூரியனுக்கு அது தட்டில் ஊத்தி வெச்ச சாம்பார்.

இப்போ சுனைக்கு மேலே பாருங்க. பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். ஐந்துதலை நாகம் குடைபிடிக்க நிக்கிற பார்சுவநாதர். நின்ன இடத்திலேயே தவத்தில் நின்று, உடம்பில் கொடி படர்ந்த பாகுபலி. (ராஜமௌலி படத்து ஹீரோ இல்லீங்க, இவர் ஒரிஜினல்!) எல்லாம் சுமார் 1,100 வருஷத்துக்கு முந்தையவை.

சிற்பங்களுக்குக் கீழே கோணல் மாணலாக ஏதோ கிறுக்கின மாதிரி இருக்கும். அது வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் அந்தக் காலத்தில் தமிழ் எழுதின லிபி. ஒவ்வொரு சிற்பத்தையும் யார் செஞ்சு வெச்சாங்கன்னு அதில் இருக்கு. ஒன்றில் குணமதியார் என்று ஒரு அம்மாவோட பேர். அவர் யாரென்றால், அச்சணந்தி என்ற துறவியோட தாயார். இந்த அச்சணந்தி பெரிய ஊர்சுற்றி. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி என்று மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் அவர் பேர் இருக்கு. பிள்ளை ஊரெல்லாம் பேர் எழுதிட்டுப் போனான்; அம்மா இந்தச் சுனையோரமா ஒரே ஒரு சிற்பம் வெச்சாங்க. எத்தனை அம்மாக்களுக்குக் கல்லில் பேர் இருக்கு, சொல்லுங்க?

மத்த கல்வெட்டுகளைப் படிச்சா ஒரு சொல் திரும்பத் திரும்ப வருது. 'மாணாக்கர்'. இன்னார் மாணாக்கர் இன்னார், அவர் மாணாக்கர் இன்னார் என்று சங்கிலி போல ஓடுது. குணசேன தேவர் என்ற ஆசிரியர், அவர் மாணவர்கள், மாணவர்களோட மாணவர்கள். ராஜா பேர் கூட இல்லாத இடத்தில் ஸ்டூடண்ட்ஸ் பேர் இருக்கு!

உச்சி வரைக்கும்

பேச்சிப்பள்ளத்தோட நிறையப் பேர் இறங்கிடுவாங்க. நாம மேலே போவோம். அங்கே ஒரு கட்டடத்தோட அடித்தளம் மட்டும் கிடக்கும். அதுதான் மாதேவிப் பெரும்பள்ளி. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட பராந்தக வீரநாராயண பாண்டியனின் அரசி வானவன் மாதேவி பெயரில் இருந்தது. கட்டடம் போயிடுச்சு, தரை மட்டும் மிச்சம்.

அங்கிருந்து உச்சிக்குப் படி கிடையாது. வெறும் சரிவுப் பாறை. மழை நாளில் ஏறவே ஏறாதீங்க. வழுக்கினா பிடிக்க எதுவும் இல்லை. காய்ந்த பாறை என்றால் பயம் வேண்டாம். நல்ல ஷூ போதும். உச்சியில் ஒரு விளக்குத் தூண். அதன் பக்கத்துப் பாறையில் ஒரு கன்னடக் கல்வெட்டு! சரவணபெளகொளாவோடு தொடர்புள்ள துறவிகள் பேர் அதில் இருக்கு. கர்நாடகாவில் இருந்து கீழக்குயில்குடி வரைக்கும் நடந்தே வந்திருக்காங்க. நாம நாகமலையில் ஷேர் ஆட்டோ கிடைக்கலைன்னு அலுத்துக்கிறோம்.

மேலே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்க. வடக்கே பாம்பு படுத்த மாதிரி நாகமலை. கிழக்கே மதுரை. தென்கிழக்கே தட்டையா, வெயிலில் நடுங்கிக்கிட்டுத் தெரியுதே... அந்தப் பக்கம்தான் நம்ம சீமை.

செட்டிப்புடவு: ஆன்சர் இங்கே!

இறங்கி வந்து மலையைச் சுற்றித் தென்மேற்குப் பக்கம் நடந்தா செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. அங்கே பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். நீண்ட காது, உருண்ட முகம். பார்த்த ஊர்க்காரங்க இவர் ஏதோ செட்டியார்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்படி வந்த பேர்! குகைக்குள் தலையைக் குனிஞ்சு போனா, மேற்புறத்தில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து, யானைமேல் வர்றவனோடு மல்லுக்கட்டுற ஒரு யட்சி. 1,100 வருஷத்து ஆக்‌ஷன் சீன்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இந்த இடத்து வட்டெழுத்துக் கல்வெட்டில் ஒரு வரிசை இருக்கு. கனகநந்தி படாரர். அவர் மாணாக்கர் அபிநந்தன் படாரர். அவர் மாணாக்கர் அரிமண்டலப் படாரர். இந்த வழியில் வந்த இன்னொரு அபிநந்தன் படாரர் செய்வித்த சிற்பம் என்று முடியுது. சரி, இவங்க எந்த ஊர்? அதையும் கல்லே சொல்லுது. வெண்பு நாட்டுத் திருக்குறண்டி, திருக்காட்டாம்பள்ளி.

குறண்டி! நம்ம காரியாபட்டி தாலுகா, ஆவியூர் பக்கத்துக் குறண்டிதான் அது என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் அடையாளம் சொல்றாங்க. மல்லாங்கிணறுக்கு அடுத்த வீடு மாதிரி!

கொஞ்சம் மேற்கே தள்ளி, இதே மலைத்தொடரின் இன்னொரு நுனியில் முத்துப்பட்டிப் பெருமாள் மலை. கால் வலிக்கலைன்னா அங்கேயும் ஒரு நடை. கல் படுக்கைகளும், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்துகளும் இருக்கு. அதில் ஒன்று, கேரளக் கடற்கரைத் துறைமுகமான முசிறியோட பேரைச் சொல்லுது. ரோமாபுரிக் கப்பல்கள் மிளகு ஏற்ற வந்த அதே முசிறி. அங்கே இருக்கிற பிற்கால வட்டெழுத்திலும் பாருங்க, மறுபடியும் குறண்டி! குறண்டி அட்ட உபவாசி படாரர், அவர் மாணாக்கர்கள். உபவாசத்தால் வந்த பட்டப்பேர் அது. அவர் பேரைப் படிச்சிட்டு நாம புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும். பிரிங்க, பரவாயில்லை.

அந்தக் காலத்து காலேஜ்

'பள்ளி' என்று நாம சொல்ற வார்த்தைக்குப் படுக்கை என்றும் ஒரு பொருள். துறவிகள் படுத்த இடம் பள்ளி. அவங்க அங்கேயே பாடமும் சொன்னதால், பாடம் சொல்ற இடத்துக்கே பள்ளி என்ற பேர் நிலைச்சது என்று சொல்றாங்க. சமணர்கள் தானத்தை நாலாகப் பிரிச்சாங்க. உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி. சோற்றுக்குச் சமமாகப் படிப்பையும் வெச்ச கணக்கு அது.

குறண்டித் திருக்காட்டாம்பள்ளி இன்றைய கணக்கில் ஒரு ரெசிடென்ஷியல் காலேஜ். ஆசிரியர், அவர் மாணவர், அந்த மாணவரே ஆசிரியர் என்று தலைமுறை தலைமுறையா ஓடியிருக்கு. யோசிச்சுப் பாருங்க. ஆறு வத்திப் போகிற நம்ம காட்டில், கண்மாய்த் தண்ணியை நம்பி ஒரு காலேஜ். அங்கே படிச்சவங்க கிளம்பி, ஒரு நாள் நடை நடந்து, சுனை இருக்கிற மலைக்கு வந்து தங்கியிருக்காங்க. மதுரை போன்ற பெரிய ஊருக்குப் பக்கம், ஆனா சத்தத்துக்கு வெளியே, மேற்கே போகிற வியாபாரப் பாதைக்கு அருகில், மழைக்கு ஒதுங்கக் குகை, குடிக்கச் சுனை. அந்தத் தண்ணியையும் வடிகட்டித்தான் குடிப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத உயிர் செத்துடக் கூடாதே!

நம்ம சீமையில் பிறந்து மலையைத் தேடிப் போனவர்கள் அவங்களோட முடியலை. 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896-ல் மதுரையில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே கிளம்பித் திருவண்ணாமலை போய் ரமணர் ஆனார். பல வருஷம் அந்த மலைக் குகைகளில் இருந்தார். அங்கே அவர் தங்கியிருந்த ஸ்கந்தாசிரமத்திலும் ஒரு சுனை உண்டு. குடத்தைத் தூக்கி வளர்ந்த மண்ணுக்குத் தண்ணியோட வாசம் தெரியும் போல!

குறண்டியில் அந்தப் பள்ளி இன்னைக்கு இல்லை. ஆனா அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மட்டும் மலைமேல பத்திரமா இருக்கு. நம்ம ஊர்ல எதுவும் இல்லைன்னு சொல்றோமே... இருந்தது. அதுக்கு சாட்சி முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இந்தப் பாறையில் நிக்குது.

பத்திரமா... எத்தனை நாளைக்கு?

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் எல்லாத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. கீழவளவு பக்கம் போனா கிரானைட் குவாரி தின்னு துப்பின பாறைகளைப் பார்க்கலாம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி மலையை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிச்சது. தமிழ்நாட்டில் முதல் தலம் அதுதான். 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள் என்று அரசே கணக்குச் சொன்னது. அடுத்த ரெண்டே வருஷத்தில், அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. ஊர் ஊராக ஜனங்க திரண்டாங்க. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செஞ்சது. ஒரு குன்றை உடைச்சா கல் மட்டும் போறதில்லை. அதுக்குள்ள இருக்கிற தண்ணியும், அதுமேல இருக்கிற பேர்களும் சேர்ந்து போகும்.

குவாரி பெரிய ஆபத்து. சின்ன ஆபத்து ஒண்ணும் இருக்கு. அது நம்ம கையில் இருக்கிற சாவி! பாறையில் இதயம் வரைஞ்சு, அம்பு விட்டு, ரெண்டு பக்கமும் இனிஷியல் செதுக்கிட்டுப் போற கூட்டம் நம்மிலேயே இருக்கு. மச்சி, உன் காதல் உண்மையா இருக்கலாம். ஆனா அந்தக் குறண்டி மாணவன் தன் பேரை அங்கே வைக்க எத்தனை வருஷம் படிச்சான், எவ்வளவு தூரம் நடந்தான் என்று ஒரு நிமிஷம் நினைச்சுப் பாரு. உன் பேரை பரீட்சைப் பேப்பர்ல எழுது, போதும்.

போறவங்களுக்கு சில டிப்ஸ்

சுனையில் இறங்கிக் குளிக்கிறது, சோப்புப் போடுறது, பாக்கெட் வீசுறது... கூடவே கூடாது. அடுத்த மழை வரைக்கும் பறவைக்கும் குரங்குக்கும் அதுதான் தண்ணி.

குடிதண்ணி கீழே இருந்தே எடுத்துட்டுப் போங்க. காலி பாட்டிலும் உங்களோடவே இறங்கி வரணும்.

கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீங்க. காலைச் சாய்வெயிலில் எழுத்து தானாத் தெரியும். அதுக்குத்தான் ஏழு மணிக்கே வரச் சொன்னது.

அடிவாரம் சாமி இடம். ஊர்ப் பெரியவர்கள் இருந்தா, "ஐயா, மேல போயிட்டு வர்றோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறுங்க. "பார்த்துப் போங்க தம்பி" என்ற அந்தக் குரல், எந்த கைடு புக்கிலும் கிடைக்காது.

தனியா போக வேண்டாம். மதுரையில் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை போன்ற குழுக்கள் 2010 முதல் இந்த மலைகளுக்கு ஆட்களை அழைச்சிட்டுப் போய் விளக்கம் சொல்லியிருக்காங்க. படிச்சிட்டுப் போக ஆசைப்பட்டா, வெ.வேதாசலம் எழுதிய 'எண்பெருங்குன்றம்' நூலை காலேஜ் லைப்ரரியில் தேடுங்க.

சாயங்காலம் மதுரையில் பஸ் ஏறியதும் எல்லோருக்கும் தூக்கம் சொக்கும். தூங்குங்க. ஆனா ஆவியூர் வரும்போது மட்டும் ஒருத்தர் மத்தவங்களை எழுப்பி விடுங்க. ஜன்னலுக்கு வெளியே பெரிசா ஒண்ணும் தெரியாது. ஒரு டீக்கடை, ரெண்டு வேப்பமரம், அதுக்குப் பின்னால காடு. அந்தக் காட்டுப் பக்கத்தில் இருந்துதான் கனகநந்தியோட மாணவர்கள் கையில் செருப்பு கூட இல்லாம அந்த மலைக்கு நடந்தாங்க. உங்களுக்காவது பஸ் இருக்கு!